தலைமடையில் நகரம், கடைமடையில் சேரி

மே மாதம் ஏற்காட்டுக்கு வந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். கோடை விழா, மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் வரிசைகட்டி நிற்கும். விடுதிப் புல்வெளிகளில் காலையும் மாலையும் தண்ணீர் பீய்ச்சுவார்கள். அதே நாட்களில் எஸ்டேட் லயன் வீடுகளிலும் மலைக்கிராமங்களிலும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றைத் தேடி நடப்பார்கள். இந்த இரண்டு காட்சிக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது.

இந்தச் சேர்வராயன் மலையில்தான் திருமணிமுத்தாறு பிறக்கிறது. பெயரில் மணியும் இருக்கிறது, முத்தும் இருக்கிறது. கீழே இறங்கிச் சேலம் மாநகருக்குள் நுழையும்வரை அது ஆறு. நகரத்தைக் கடந்து வெளியே வரும்போது சாக்கடை. வீட்டுக் கழிவு, சாயப்பட்டறைக் கழிவு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டத்துக்குள் போய், பரமத்தி வேலூர் வட்டாரத்தில் காவிரியில் சேர்கிறது. வழிநெடுக அந்தத் தண்ணீரில் விவசாயம் நடக்கிறது. கிணறுகளிலும் அதுதான் ஊறுகிறது. "கழிவுநீர் மறுபயன்பாடு" என்று இன்று ஆங்கிலத்தில் புதிதாகப் பேசுகிறார்களே, அது எங்கள் பக்கத்தில் பல பத்தாண்டுகளாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. சுத்திகரிப்பு மட்டும்தான் ஒழுங்காக நடக்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் மாணவர்களுக்கான ஒரு கருத்தரங்கில் பேசப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பேசிய பொறியாளர் திரையில் ஒரு படம் காட்டினார். ஒரு நகரம். அங்கிருந்து ஒரு அம்புக்குறி சுத்திகரிப்பு நிலையத்துக்கு. நிலையத்திலிருந்து இன்னொரு அம்புக்குறி பச்சைப் பசேலென்ற வயலுக்கு. நல்ல படம்தான். ஆனால் அதில் ஒரு மனிதர்கூட இல்லை. நான் எழுந்து கேட்டேன்: "சார், அந்த முதல் அம்புக்குறி அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்குவது யார்?" அரங்கில் சிரிப்பு. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "மேடம், எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவராதீர்கள். தண்ணீருக்குச் சாதி இல்லை."

அன்று நேரம் முடிந்துவிட்டது என்று உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவதற்கு நான் எதிரி அல்ல. அது இல்லாமல் இனி வாழ முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். அதில் உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர்தான். மீதி, அதாவது பத்தில் ஏழு பங்குக்கும் மேல், அப்படியே ஆற்றிலும் ஏரியிலும் கலக்கிறது. இஸ்ரேல் தன் கழிவுநீரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைச் சுத்திகரித்து விவசாயத்துக்குக் கொடுக்கிறது. கழிவுநீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. மழை பொய்த்தாலும் நகரம் குளிப்பதை நிறுத்தாது, அதனால் இந்த நீர் வற்றாது. இதெல்லாம் உண்மை. தொழில்நுட்பம் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. அந்தப் படத்தில் விடுபட்ட மனிதர்களைப் பற்றித்தான் என் கேள்வி. அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள்.

முதல் ஆள், குழிக்குள் இறங்குகிறவர்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீர் தானாக நடந்து போவதில்லை. குழாய் அடைக்கும். ஆள்நுழைவுக் குழி நிரம்பும். வண்டல் தேங்கும். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக் குழியிலும் மலக்குழியிலும் மனிதரை இறக்குவது அந்தச் சட்டப்படி குற்றம். 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் பத்தாண்டுக்குள் இழப்பீட்டை மும்மடங்காக்க வேண்டியிருக்கிறது என்றால், சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள்? நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு வைத்த கணக்குகளில் இந்தச் சாவுகளில் முதலிடம் பிடித்த மாநிலம் எது தெரியுமா? சமூகநீதியின் மண் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் தமிழ்நாடு.

இறங்குவது யார் என்பதற்கும் அரசே பதில் சொல்லிவிட்டது. சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களை 'நமஸ்தே' திட்டத்தின்கீழ் ஒன்றிய அரசு கணக்கெடுத்தது. 2024-இல் வெளியான விவரப்படி, பதிவான சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பொதுப்பிரிவினர் 8 விழுக்காடுதான். நம் மேற்கு மாவட்டங்களில் இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் என்பதை யாரும் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடிகாலை ஐந்து மணிக்குச் சேலத்தின் எந்தத் தெருமுனைக்கும் போய் நின்று பாருங்கள்.

எனவே மறுசுழற்சி நீரின் ஒவ்வொரு சொட்டும் ஒரு சாதியின் உடம்பு வழியாக வருகிறது. அந்த உழைப்பைக் கழித்துவிட்டு நீரின் விலையை மட்டும் கணக்குப் போடுகிறவர் பொறியியல் பேசவில்லை. பழைய கணக்கைத்தான் புது நோட்டில் எழுதுகிறார்.

இரண்டாவது ஆள், வயலில் நிற்கிறவர்.

ஆற்றங்கரையில் ஒரு காலனியில் களப்பணிக்குப் போனபோது ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். வயது அறுபது இருக்கும். நடவு, களையெடுப்பு, தீவனப்புல் அறுப்பு என்று வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் வேலை. கணுக்காலுக்குக் கீழே தோல் வெடித்து, கருத்துக் கிடந்தது. "ஆஸ்பத்திரியில காட்டலையாம்மா?" என்று கேட்டேன். "காட்டாம என்ன கண்ணு. மருந்து குடுத்துட்டு, அந்தத் தண்ணில இறங்காதம்மான்னு சொல்றாங்க. இறங்கலன்னா சோத்துக்கு எங்க போறது?" என்றார்.

இந்தக் காலைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்று பாருங்கள். கழிவுநீர் எவ்வளவு அழுக்கு என்று அளக்க உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். எண் கூடினால் அழுக்கு கூட என்று அர்த்தம். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், ஆறு போன்ற நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு உச்ச வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். பாசனத்துக்காக நிலத்தில் விடும் கழிவுநீருக்கு 100 மில்லிகிராம். ஆற்றில் விடக்கூடாத அழுக்கை வயலில் விடலாம்! மண் வடிகட்டிக்கொள்ளும் என்று இதற்கு ஒரு விளக்கம் உண்டு. மண் வடிகட்டும், சரி. மண்ணில் வெறுங்காலோடு நிற்கிறவர் எதை வைத்து வடிகட்டுவார்? நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2017-இல் புதிய விதி வந்தது. நீர்நிலையோ நிலமோ, பெருநகரங்களில் 20, மற்ற இடங்களில் 30 என்று வரம்பு இறங்கியது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இன்னும் கடுமையான அளவைக் கேட்டது. நல்லது. ஆனால் அந்த விதி நிலையத்தின் வாசல்வரைதான் வரும். நிலையத்துக்குள் போகாமலே ஆற்றில் கலக்கிற நீருக்கு எந்த விதி?

உலக சுகாதார நிறுவனம் 1989-லேயே கழிவுநீர்ப் பாசனத்துக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. சாப்பிடுகிறவரின் நலத்தை மட்டும் அல்ல, வயலில் வேலை செய்கிறவரின் நலத்தையும் அது கணக்கில் எடுத்தது. தொழிலாளி இறங்கும் நீரில் லிட்டருக்கு ஒரு குடற்புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. கொக்கிப்புழு வாய்வழி மட்டும் வருவதில்லை, மலம் கலந்த மண்ணில் வெறுங்கால் பட்டாலே தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தச்சோகையில் துவளும் நம் பெண்களை "சத்தான உணவு சாப்பிடு" என்று அனுப்பி வைக்கும் ஊரில், அவர்கள் நிற்கும் தண்ணீரில் புழு முட்டை எத்தனை என்று யாராவது எண்ணியதுண்டா?

மூன்றாவது ஆள், வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர். அவருக்கு நிலம் இல்லை.

பாசன நீர் நிலத்துக்குப் போகும். நிலம் இல்லாதவருக்குப் போகாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையில் இருந்த சாகுபடிப் பரப்பு 9 விழுக்காட்டுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி. நம் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்குப் பட்டா நிலம் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

பக்கத்து மாநிலத்துக் கோலாரை எடுத்துக்கொள்வோம். பெங்களூருவின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் அளவுக்கு வறண்ட கோலார் மாவட்ட ஏரிகளை நிரப்பும் திட்டம். 2018 ஜூனில் தண்ணீர் வந்தது. அடுத்த மாதமே ஏரியில் நுரை பொங்கியது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. இடையில் நிறுத்தி வைக்கப்பட்டு, பிறகு தொடர்ந்தது. நிலத்தடி நீர் உயர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும், அது பொய் இல்லை. ஆனால் கொடுப்பது இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு மட்டும்தான், மூன்றாம் நிலையும் வேண்டும் என்று கோலார் மக்கள் கேட்டார்கள். முதல் நிலை, கசடைப் படியவைப்பது. இரண்டாம் நிலை, காற்றும் நுண்ணுயிரும் கொண்டு கரைந்த அழுக்கைத் தின்னவைப்பது. மூன்றாம் நிலை, நுண்வடிகட்டலும் கிருமி நீக்கமும். மூன்றாவதுதான் செலவு.

அந்தச் செலவை எங்கே செய்கிறார்கள்? சென்னையில். 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் சுத்திகரிக்கும் மூன்றாம் நிலை நிலையங்கள் செயல்பாட்டுக்கு வந்தன. எதிர்ச் சவ்வூடுபரவல் வரைக்கும் சுத்தம். அந்த நீர் மணலிக்கும் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக்கும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. தொழிற்சாலை ஏரித் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. கேள்வி வேறு. இயந்திரம் துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காக மூன்றாம் நிலை வரை சுத்தம் செய்ய முடிகிற நமக்கு, மனிதத் தோல் வெடிக்கக் கூடாது என்பதற்காக அதைச் செய்ய ஏன் முடியவில்லை? கொதிகலனுக்கு இருக்கும் மரியாதை கூலிக்காரப் பெண்ணின் காலுக்கு ஏன் இல்லை?

கோலார் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 30 விழுக்காடு, கர்நாடகத்திலேயே மிக அதிகம். நிலத்தடி நீர் உயர்ந்தால் அதை எடுப்பது யார்? இந்தியச் சட்டத்தில் நிலத்தடி நீர், நிலவுடைமையோடு ஒட்டிய உரிமை. ஆழ்துளைக் கிணறும் பம்புசெட்டும் வைத்திருக்கிறவர் எடுப்பார். இல்லாதவருக்கு? கூலி வேலை கூடும் என்பார்கள். அதாவது அந்தத் தண்ணீரில் இறங்கும் வேலை.

இப்போது "தண்ணீருக்குச் சாதி இல்லை" என்ற வாக்கியத்துக்கு வருவோம்.

1927 மார்ச் 20. மகாராட்டிரத்தின் மகத் நகரில் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போய்ச் சவுதார் குளத்தில் நீர் அள்ளிக் குடித்தார். நகராட்சியே எல்லோருக்கும் திறந்துவிட்ட பொதுக்குளம் அது. பிறகு என்ன நடந்தது? ஆதிக்கசாதியினர் மந்திரம் ஓதி, மாட்டுச் சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் குடம் குடமாக ஊற்றிக் குளத்தைச் "சுத்தம்" செய்தார்கள். தோழர்களே, அதுவும் ஒரு சுத்திகரிப்பு நிலையம்தான். உள்ளே போனது நல்ல தண்ணீர், வெளியே வந்தது சாணித் தண்ணீர். இந்தச் சமூகம் எதைச் சுத்தம் என்கிறது என்பதை எந்த ஆய்வகமும் அளந்து சொல்ல முடியாது.

95 ஆண்டு கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. தண்ணீருக்குச் சாதி இல்லையாம். பிறகு ஏன் அந்தத் தொட்டியில்?

உலகத்திலேயே முதன்முதலாகக் கழிவுநீரைக் குடிநீராக்கி நகருக்கு விநியோகித்த ஊர் நமீபியாவின் விண்டூக். ஆண்டு 1968. நீர்ப் பொறியியல் பாடங்களில் பெருமையாகச் சொல்வார்கள். அன்று அந்த நாடு தென்னாப்பிரிக்க இனவெறி ஆட்சியின் கீழ் இருந்தது. 1959 டிசம்பரில் அதே விண்டூக்கில், பழைய குடியிருப்பிலிருந்து வெளியேற மறுத்த கறுப்பின மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். பிழைத்தவர்களை ஊருக்கு வெளியே கட்டுதுறா என்ற இடத்துக்குத் தள்ளினார்கள். அந்தச் சொல்லுக்கு "நாங்கள் வாழ விரும்பாத இடம்" என்று பொருள். மலத்தைக் குடிநீராக்கத் தெரிந்த நகரத்துக்கு மனிதரை மனிதராகப் பார்க்கத் தெரியவில்லை. தொழில்நுட்பம் தானாகவே சமத்துவம் கொண்டுவரும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் விண்டூக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்னதான் வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஒன்று, குழிக்குள் மனிதரை இறக்காத நகரத்துக்கு மட்டுமே மறுசுழற்சித் திட்டத்துக்கு நிதி. இயந்திரம் வாங்கியதாகக் கணக்குக் காட்டினால் போதாது. அந்த இயந்திரத்தை ஓட்டும் வேலையும் சுத்திகரிப்பு நிலையத்தின் தொழில்நுட்ப வேலையும், இதுவரை குழிக்குள் இறங்கியவர்களின் குடும்பங்களுக்குப் பயிற்சியோடும் நிரந்தரச் சம்பளத்தோடும் வர வேண்டும்.

இரண்டு, சாயக் கழிவையும் முலாம் பூசும் பட்டறைக் கழிவையும் வீட்டுக் கழிவோடு கலக்க விடக் கூடாது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பில் நுண்ணுயிர் மலத்தைத் தின்னும், உலோகத்தைத் தின்னாது.

மூன்று, வெளியேறும் நீரின் தரம் மடைவாயிலில் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். மலக்கிருமி எத்தனை, புழு முட்டை எத்தனை, உலோகம் எவ்வளவு என்பது கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். அந்த வயலில் இறங்குகிறவருக்குக் காலணியும் கையுறையும் குடற்புழு மருந்தும் திட்டச் செலவிலேயே கிடைக்க வேண்டும்.

நான்கு, இதுதான் முதன்மையானது. மறுசுழற்சி நீர் பொதுச் சொத்து. அதற்கு இதுவரை எவருக்கும் பட்டா கிடையாது. புதிதாக உருவாகும் ஒரு நீருக்குப் பழைய நிலவுடைமைக் கணக்குப்படி பங்கு பிரிக்க வேண்டிய கட்டாயம் என்ன? 1892-இல் நம் மக்களுக்கென ஆங்கில அரசு ஆணையிட்டு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மீட்டு, முதல் மடை அங்கே திறக்கட்டும். புறம்போக்கைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர்செய்யும் நிலமற்ற பெண்கள் குழுக்களுக்கு இரண்டாம் மடை. நகரம் மிச்சப்படுத்தும் நன்னீரில் முதல் குழாய், கழிவு ஓடிக் கிணறு கெட்டுப்போன காலனிகளுக்கு.

ஐந்து, எங்கள் மலைக்கு. விடுதிகள் தங்கள் கழிவைத் தாங்களே சுத்திகரித்துத் தங்கள் புல்வெளிக்கும் கழிப்பறைக்கும் பயன்படுத்தட்டும். காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவிய நீரை ஓடையில் விடாமல் எஸ்டேட்டுகள் தேக்கிச் சுத்தம் செய்யட்டும். ஊற்று, மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் லயன் வீட்டுக் குடும்பங்களுக்கும். புல்வெளிக்கு அல்ல.

மாணவத் தோழர்களே, இதை வாசித்துவிட்டு வருத்தப்பட்டுப் போய்விடாதீர்கள். சேலத்தில் அணைமேடு, வண்டிப்பேட்டை, வெள்ளக்குட்டை, மான்குட்டை என்று சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும், அல்லது வரப்போகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து உங்கள் கையில் இருக்கிறது. நிலையத்துக்குள் எவ்வளவு நீர் போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, கடைசியாக எப்போது தரம் பார்த்தார்கள், அங்கே வேலை செய்வோர் எத்தனை பேர், அதில் ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், வெளியேறும் நீர் எந்தெந்தச் சர்வே எண்களுக்குப் பாய்கிறது என்று கேளுங்கள். பதில் வந்ததும் அந்தச் சர்வே எண்களின் பட்டாவை எடுத்துப் பாருங்கள். தண்ணீரின் சாதி அங்கே தெரிந்துவிடும். அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேராக ஆற்றோரம் நடந்து போங்கள். கேமராவைப் பிறகு எடுக்கலாம். முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

அந்த அம்மாவிடம் கிளம்பும்போது, ஆறு நன்றாக இருந்த காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்டேன். பழைய பெருமையைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இது: "எங்க அப்பன் காலத்துல மணல்ல ஊத்துத் தோண்டிக் குடிச்சோம் கண்ணு. கண்ணாடியாட்டம் இருக்கும். அப்பவும் ஊர்க்காரங்க ஊத்து மேக்கால, நம்மளது கீழ்க்கால. அவங்க ஊத்துப் பக்கம் போனா அடிப்பாங்க. இப்ப ஆறு பூரா சாக்கடை. இதுல மட்டும் எங்க வேணாலும் இறங்கலாம், ஒருத்தனும் கேக்க மாட்டான்."

நாளைக்கு அந்த ஆறு மீண்டும் கண்ணாடியாட்டம் ஆகலாம். ஆக வேண்டும். அன்றைக்கு ஊற்றை மறுபடியும் மேற்காலும் கீழ்க்காலுமாகப் பிரிப்பார்களா என்பது, திட்டம் தாளில் இருக்கும்போதே நாம் கேட்கிறோமா இல்லையா என்பதைப் பொறுத்தது. மதகு கட்டி முடித்த பிறகு கேட்டால் கடைமடைதான் கிடைக்கும்.